ஆண் கறுப்பு, பெண் மஞ்சள்

என் பறவைக் குறிப்பேட்டில் பனானாகுவிட் என்ற சின்னப் பறவையைப் பற்றிய ஒரு வரியை அடித்துவிட்டு மேலே வேறு எழுதியிருக்கிறேன். சரியாக அடிபடவில்லை. நீலக் கோட்டுக்குக் கீழே பழைய வரி இன்னும் படிக்கக் கிடைக்கிறது: ‘ஆண் கறுப்பு, பெண் மஞ்சள். நம்ம ஊதாத் தேன்சிட்டு மாதிரியேதான்.’ கிரெனடா தீவில் அக்கா மகள் குடியிருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போன இரண்டாம் நாளே எழுதியது. எவ்வளவு தெம்போடு எழுதியிருக்கிறேன் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. ‘மாதிரியேதான்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு வேறு. அந்த அடிக்கோடுதான் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவள் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து போக உடம்பு ஒத்துழைக்காது. மாமா என்ற முறையில் மூன்று வாரம் நான் போய் இருந்துவிட்டு வந்தேன். வீடு தீவின் தென்மேற்கு மூலையில், கடலுக்குப் பக்கம். கரீபியன் தீவு என்றால் எங்கும் பச்சையாக இருக்கும் என்று நினைத்துப் போனால், அந்தப் பக்கம் வறண்ட முள்காடு. கள்ளிகூட இருந்தது. காலையில் அவள் கல்லூரிக்குக் கிளம்பியதும் நான் தேநீரும் பைனாகுலருமாகத் திண்ணைக்கு வந்துவிடுவேன். ஐந்து நிமிடம் ஆகாது, சர்க்கரைக் கிண்ணத்தின் விளிம்பில் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.

பனானாகுவிட். கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூட, பத்து பதினொரு சென்டிமீட்டர் இருக்கும். முதுகு கரும்சாம்பல், தொண்டை சாம்பல், மார்பும் வயிறும் எலுமிச்சை மஞ்சள், கண்ணுக்கு மேலே யாரோ சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அலகு கீழ்நோக்கி வளைந்து ஊசிபோல இருக்கும். அந்த அலகைப் பார்த்த கணமே எனக்குள் ‘தேன்சிட்டு’ என்று மணி அடித்துவிட்டது. பூவில் அது நடந்துகொள்வதும் அப்படியே. ஓசனிச்சிட்டு மாதிரி காற்றில் நின்று குடிக்கத் தெரியாது. காம்பில் தொற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, பூ நீளமாக இருந்தால் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடிக் கொள்ளும். எங்கள் வீட்டுச் செம்பருத்தியிலும் இதே திருட்டு தினமும் நடக்கிறது.

திண்ணைக் கம்பியில் தடித்த அலகுள்ள வேறொரு குருவியும் வந்து உட்காரும். ஒன்று கறுப்பாகத் தொண்டையில் மட்டும் செம்பழுப்பு, கூட வருவது வெறும் தவிட்டு நிறம். ஏதோ தானியம் தின்னும் குருவி என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மஞ்சள் பறவைகளோடு அவ்வப்போது ஒரு கறுப்புப் பறவையும் வந்தது. அதே அளவு, அதே வளைந்த அலகு, அதே துறுதுறுப்பு. ஆனால் உடம்பு முழுக்கக் கரி. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு கிடையாது, மஞ்சள் கிடையாது. தமிழ்நாட்டில் பறவை பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஊதாத் தேன்சிட்டில் ஆண் தூரத்தில் பார்த்தால் முழுக் கறுப்பு, பெண்ணுக்கு வயிறு மஞ்சள். சரி, இங்கேயும் அதே கதை. எழுதிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மாடியில் இருந்தார். அவரிடம் பெருமையாக, “கறுப்பு புருஷன், மஞ்சள் பெண்டாட்டி, சரிதானே அம்மா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் இல்லை, கறுப்பாகப் பிறந்தது கறுப்பு, மஞ்சளாகப் பிறந்தது மஞ்சள், இரண்டும் ஒரே பறவைதான் என்றார். அப்புறம் சர்க்கரைக் கிண்ணத்தை மூடி வைக்கும்படி சொன்னார். நான் தலையாட்டினேனே தவிர அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருடமாகப் பறவை பார்க்கிற எனக்கு இவர் என்ன சொல்லித் தருவது என்ற நினைப்பு. மறுநாளே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து எலுமிச்சை மரத்தில் ஒரு கறுப்பும் ஒரு மஞ்சளும் மாறி மாறிப் புல் கொண்டுவந்து உருண்டையாக ஒரு கூடு கட்டுவதைப் பார்த்தேன். பக்கவாட்டில் வாசல். தேன்சிட்டுக் கூட்டுக்கும் பக்கவாட்டில்தானே வாசல்! அன்றைக்குப் போட்டதுதான் அந்த அடிக்கோடு.

பெண்ணே இல்லாத மலை

இரண்டாவது வாரம் கிராண்ட் எதாங் போனேன். தீவின் நடுவே, கிட்டத்தட்ட 530 மீட்டர் உயரத்தில், பழைய எரிமலை வாயில் தேங்கிய ஏரி. தலைநகரிலிருந்து மினி பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வளைவுக்கு வளைவு வேறு ஊருக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். கீழே கள்ளி, கொஞ்சம் ஏறினால் ஜாதிக்காய் மரங்கள், இன்னும் ஏறினால் பாசி பிடித்த மரங்களும் மூடுபனியும். ஏரிக்கரையில் பஸ் நின்றதும் வாழைப்பழத்துக்காகக் குரங்குகள் சூழ்ந்துகொண்டன. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து முன்பு எப்போதோ கப்பலில் வந்த மோனா குரங்குகளின் வம்சம் அவை. பழனி படிக்கட்டு நினைவு வந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பத்து மணிக்குள் பனானாகுவிட் பன்னிரண்டு பார்த்துவிட்டேன். பன்னிரண்டும் கறுப்பு. முதலில் சந்தோஷம்தான். ஆண்கள் பாடி எல்லை காக்கிற பருவம், பெண்கள் அடைகாக்கப் போயிருக்கும் என்று ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பதினொரு மணிக்கு இருபதைத் தாண்டியது. எல்லாம் கறுப்பு. அடைகாத்தாலும் பசிக்காதா? ஒரு பெண்கூட வெளியே வராதா? விளக்கத்தில் லேசாகக் கீறல் விழுந்தது. ஆனால் மனசு சும்மா இருக்காது, உடனே இன்னொன்றைத் தேடிக் கொடுத்தது: பெண்கள் கீழேயே தங்கிவிடும் போலிருக்கிறது, ஆண்கள் மட்டும் மலையேறும். இப்படிப் பழக்கமுள்ள பறவைகள் உலகத்தில் உண்டு. ஆனால் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சபரிமலைக்குப் போகிற கூட்டம் மாதிரி ஒரு மலை முழுக்க ஆண் பறவை என்று நம்பத் தயாராக இருந்தேனே தவிர, குறிப்பேட்டில் எழுதியது தப்பாக இருக்குமோ என்று மட்டும் தோன்றவில்லை.

ஏரியைச் சுற்றும் பாதையில் ஒரு கிளை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் உருண்டைக் கூடு. அதற்குள்ளிருந்து குஞ்சுகளின் சன்னமான சத்தம். ஒரு கறுப்பு வந்து, வாசலில் தொங்கி, தலையை உள்ளே விட்டு ஊட்டிவிட்டுப் போனது. நான் கல்லில் உட்கார்ந்தேன். சில நிமிடத்தில் இன்னொரு கறுப்பு வந்தது. அதேதானோ? தெரியவில்லை. காத்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, பைனாகுலரில் நீர்த்துளி, துடைக்கத் துடைக்க மங்கியது. கால் மணி நேரம் கழித்து நான் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். ஒன்று உள்ளே தலைவிட்டு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே, வாயில் பூச்சியோடு அடுத்தது வந்து, பக்கத்துக் கிளையில் தன் முறைக்காகக் காத்திருந்தது. இரண்டும் கறுப்பு. இரண்டும் அதே கூட்டின் தாய் தகப்பன்.

கல்லிலிருந்து எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஒரு பறவையைத் தப்பாகச் சொல்வது பெரிய விஷயமில்லை. பறவை பார்க்கிறவன் வாரத்துக்கு ஒன்று தப்பாகத்தான் சொல்வான். எனக்குக் குத்தியது வேறு. எலுமிச்சை மரத்தில் கறுப்பும் மஞ்சளும் சேர்ந்து கூடு கட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அதில் பொய் இல்லை. அந்த உண்மைதான் என் தப்பைப் பலப்படுத்தியது. சொல்லப்போனால் நான் கிரெனடாப் பறவையையே பார்க்கவில்லை. அதன் மேல் மதுரைப் பறவை ஒன்றை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர் ஊதாத் தேன்சிட்டை வாழ்நாளில் பார்த்ததில்லை.

கருங்கோழியும் இதுவும்

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னதும் அக்கா மகள், “மாமா, நீங்க ரெண்டு வாரமா சொன்னதை நான் என் தோழிங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேனே!” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தோம். பனானாகுவிட்டில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான். நிறம் பிறவியில் வருவது. 2001இல் வந்த ஓர் ஆய்வு அதன் காரணத்தை ஒரே இடத்தில் கண்டுபிடித்திருந்தது: எம்.சி.1.ஆர். என்ற மரபணு. தோலிலும் இறகிலும் எவ்வளவு கருநிறமி சேர வேண்டும் என்று முடிவு செய்கிற ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. அந்தப் புரதத்தில் 92ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லைசின் என்ற வேறொன்று வந்துவிட்டால் பறவை கறுப்பு. இதே இடத்தில் இதே மாற்றம்தான் வீட்டுக்கோழிகளில் சிலவற்றின் இறகையும் முழுக் கறுப்பாக்குகிறது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குஞ்சு கறுப்பாகிவிடும். ஆகவே இரண்டு கறுப்புக்கு மஞ்சள் பிறக்கலாம். இரண்டு மஞ்சளுக்குக் கறுப்பு பிறக்காது. “கறுப்பாகப் பிறந்தது கறுப்பு, மஞ்சளாகப் பிறந்தது மஞ்சள்” என்று மாடி அம்மா சொன்னதை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

கிரெனடாவில் ஈரமான மலைப்பகுதி கறுப்பின் ராஜ்யம், வறண்ட கரையோரத்தில் மஞ்சள், நடுவே ஒரு கலப்புப் பட்டை. ஜோசப் உண்டர்லே என்ற ஆய்வாளர் இந்தப் பட்டையின் குறுக்கே எண்ணிக்கை எடுத்து 1981இல் எழுதினார். அது இடம் பெயர்ந்திருக்கிறது என்று 1983இல் மறுபடி எழுதினார். 2003இல் வேறு இருவர் போய்ப் பார்த்து, பட்டை அப்படியே நிற்கிறது என்றார்கள். பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்டில் கறுப்புதான் பெரும்பான்மை; மஞ்சளைத் தேடத்தான் வேண்டும். வெனிசுவேலாவுக்கு அருகே லோஸ் ரோகெஸ், லோஸ் தெஸ்திகோஸ் தீவுகளிலும் கறுப்பு உண்டு. செயின்ட் வின்சென்ட் கறுப்பை 1878இல் ஜார்ஜ் லாரன்ஸ் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் தனி இனமாகவே பெயரிட்டார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவராவது தொலைவில் அமர்ந்து, பதம் செய்த உடல்களை வைத்து முடிவு கட்டியவர். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

லின்னேயஸும் என் கட்சி

ஊர் திரும்பிய பிறகும் ஒரு கேள்வி போகவில்லை. நிறத்தில்தான் தப்பு, சரி. தேன்சிட்டுக்குச் சொந்தம் என்பதாவது உண்மையா? அந்த அலகு, அந்தப் பூத்திருட்டு, அந்தக் கூடு?

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த சுவீடன்காரர் லின்னேயஸ், 1758இல் ஜமைக்காப் பறவையை வைத்து இதற்குப் பெயர் கொடுத்தபோது செர்த்தியா என்ற பேரினத்தில் போட்டார். அது ஐரோப்பாவில் மரப்பட்டையில் ஏறிப் பூச்சி பொறுக்குகிற குருவியின் பேரினம். அலகு வளைந்திருக்கிறதா, உள்ளே போடு, அவ்வளவுதான் கணக்கு. எட்டு வருடம் கழித்து, 1766இல், நம்ம ஊதாப்பிட்டத் தேன்சிட்டையும் லோட்டன் தேன்சிட்டையும் அதே செர்த்தியாவில்தான் போட்டார். லோட்டன் என்பவர் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவர். ஆகக் கூடி, என் குறிப்பேட்டு ‘மாதிரியேதான்’ லின்னேயஸின் புத்தகத்திலும் ஒரு விதத்தில் இருக்கிறது. இதைப் பார்த்தபோது வந்த திருப்தியை மறைக்க விரும்பவில்லை.

அது வெகுநாள் நிலைக்கவில்லை. 1809இல் வியேயோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர் இதற்குக் கொயரெபா என்று தனிப் பேரினம் வைத்தார், பிரேசிலின் துப்பி மொழியில் ஏதோ ஒரு சின்னப் பறவைக்கு வழங்கிய பெயரிலிருந்து. பிறகு தேன் குடிக்கிற அமெரிக்கச் சிறு பறவைகளையெல்லாம் சேர்த்து இதன் பெயரிலேயே ஒரு குடும்பம் உண்டாயிற்று. வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாத சாமான்களைப் போட ஓர் இழுப்பறை இருக்குமே, அது மாதிரி. காலப்போக்கில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது டனேஜர் (அமெரிக்கக் கண்டங்களின் ஒரு பெரிய பறவைக் குடும்பம்), இதுவும் டனேஜர் என்று அதனதன் இடத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் இழுப்பறையில் மிஞ்சியது பெயர் கொடுத்த பறவை மட்டும். சிலர் அதை வார்ப்ளர் என்ற பூச்சி தின்னும் சிறு பறவைகளோடு சேர்த்தார்கள், சிலர் பன்டிங் என்ற விதை தின்னும் குருவிகளோடு. சில பட்டியல்கள் ‘இடம் உறுதியாகவில்லை’ என்று நேர்மையாக எழுதி ஒதுக்கின.

டி.என்.ஏ. வந்துதான் வழக்கு தீர்ந்தது. தீர்ப்பு யாரும் எதிர்பாராத பக்கம் போனது. பனானாகுவிட் டனேஜர் குடும்பத்தைச் சேர்ந்தது. தேன்சிட்டுக்கு எந்த நெருக்கமும் இல்லை. அதன் கிட்டத்து உறவுகள் புல்விதை தின்னும் தடித்த அலகுக் குருவிகள். இந்த உறவுக் கூட்டத்துக்குள்தான் கலாபகஸ் தீவின் டார்வின் குருவிகளும் வருகின்றன. இப்போது அந்த உட்குடும்பத்துக்கே கொயரெபினே என்று பெயர். உலகப் பிரசித்தி பெற்ற டார்வின் குருவிகள் ஒரு சர்க்கரைத் திருடனின் பெயரில் குடித்தனம் நடத்துகின்றன. அந்தக் குருவிகளைப் பார்த்து டார்வினே ஏமாந்தவர்தான். ஒன்றை ரென் என்ற வேறொரு சிறு பறவை என்றார், வேறு சிலவற்றை வேறு வேறு குடும்பம் என்றார். 1837இல் ஜான் கூல்ட் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர்தான் எல்லாம் ஒரே கூட்டம் என்று எடுத்துச் சொன்னார்.

அந்தத் திண்ணைக் கம்பியில் உட்கார்ந்திருந்த தடித்த அலகுக் குருவி நினைவிருக்கிறதா? சிற்றண்டிலிஸ் புல்ஃபிஞ்ச் என்பார்கள்; சிற்றண்டிலிஸ் என்பது கரீபியனின் கிழக்கு ஓரத்துச் சின்னத் தீவுகளின் வரிசை. அதுவும் கொயரெபினேதான். பனானாகுவிட்டின் நிஜமான சொந்தக்காரன், ஒரு முழம் தள்ளி, மூன்று வாரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அதோடு இன்னொன்று: அந்தப் பறவையில்தான் ஆண் கறுப்பு, பெண் வேறு நிறம். என் வாக்கியம் முழுத் தப்பில்லை, ஒரு முழம் தள்ளி எழுதியிருக்கிறேன்.

கியூபா என்ற ஓட்டை

வகைப்பாட்டைவிட வரைபடம்தான் எனக்கு இப்போது பிடித்திருக்கிறது. தெற்கு மெக்சிகோவில் தொடங்கி வடகிழக்கு அர்ஜென்டினா வரை இந்தப் பறவை உண்டு. தோட்டம், காட்டோரம், வெட்டிய நிலம் என்று வெளிச்சம் விழுகிற இடமெல்லாம் போதும். ஆனால் அமேசானின் அடர்ந்த உட்காட்டில் பெரும்பகுதி காலி. கரீபியனில் பஹாமாஸில் இருக்கிறது, ஜமைக்காவில் இருக்கிறது, ஹிஸ்பானியோலாவில், கேமன் தீவுகளில், அந்தப் பக்கம் மெக்சிகோவை ஒட்டிய கொசுமெல்லில்கூட இருக்கிறது. நடுவே, அத்தனையையும்விடப் பெரிய கியூபாவில் கிடையாது. எப்போதாவது வழிதவறி ஒன்றிரண்டு வரும், தங்குவதில்லை. ஃபுளோரிடாவுக்குப் பஹாமாஸிலிருந்து எப்போதாவது ஒன்று போனால் அமெரிக்கப் பறவை ஆர்வலர்கள் காரெடுத்து ஓடுகிறார்கள். சுற்றிலும் விளக்கு எரிய, நடு வீட்டில் மட்டும் இருட்டு. ஏன் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பறக்கத் தெரியாமல் இல்லை. கியூபாவில் பூவுக்கும் சர்க்கரைக்கும் பஞ்சமா?

தீவுக்குத் தீவு சின்னச் சின்ன வித்தியாசத்தோடு இதில் 41 துணையினங்கள் எண்ணுகிறார்கள். அரூபாவுக்கு ஒன்று, பக்கத்து பொனெய்ருக்கு வேறொன்று. இதில் எனக்குத் திகைப்பு தருவது கறுப்பல்ல. கரிபோல இருக்கும் கிரெனடாப் பறவை மஞ்சள் பறவையோடு குடும்பம் நடத்துகிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தொண்டை மட்டும் சற்று வெள்ளையாக, மற்றபடி மஞ்சளாகவே இருக்கும் பஹாமாஸ் பறவைதான் வேறு இனமோ என்று பேச்சு. 2008இல் வந்த பெரிய மரபணு ஆய்வு தீவுக் கூட்டங்களுக்கிடையே ஆழமான பிளவுகளைக் காட்டியது. அதையொட்டி உலகப் பறவைப் பட்டியல் ஒன்று இதை மூன்று இனமாகப் பிரித்தது: பஹாமாஸ் ஒன்று, போர்ட்டோ ரிக்கோவும் வடக்குச் சிற்றண்டிலிஸும் ஒன்று, மீதி ஒன்று. பிறகு ‘இப்போதைக்கு ஒன்றாகவே இருக்கட்டும்’ என்று திரும்பச் சேர்த்துவிட்டது. பட்டியல் வளர்ப்பவர்களுக்கு இது எரிச்சல். என் நண்பர் ஒருவர் கையிலிருந்த மூன்று ஒன்றாகக் குறைந்தபோது துக்கம் விசாரிக்கிற அளவுக்கு இருந்தார். எனக்கென்னவோ ஒன்றாகச் சேர்த்தது அவசரம் என்றே படுகிறது. ஆனால் என் அபிப்பிராயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

குறிப்பேட்டில் அடித்த வரிக்கு மேலே இப்போது இருப்பது: ‘பனானாகுவிட், கிராண்ட் எதாங், 23, எல்லாம் கறுப்பு. ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை.’ அக்கா மகளிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தேன். ஞாயிறு தோறும் காலையில் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து கிண்ணத்துக்கு எத்தனை மஞ்சள், எத்தனை கறுப்பு வந்தன என்று எண்ணி அனுப்ப வேண்டும். கலப்புப் பட்டை நகர்கிறதா நிற்கிறதா என்று மாமாவும் மருமகளும் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசை. நான்கு வாரம் அனுப்பினாள். ஐந்தாவது வாரம் வந்த வாட்ஸ்அப்: “ஏழு மஞ்சள், ஒரு கறுப்பு. இனிமே வராது மாமா. வீட்டுக்கார பாட்டி கிண்ணத்துக்கு மூடி வாங்கிக் கொடுத்துட்டாங்க.”